கருகிய மூலை

சாஸ் கொதி வரப்போகிறது என்று தெரிந்ததும் மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்துகிறது. அடுப்பைக் குறைப்பது கைதான், ஆனால் முதலில் கிளம்புவது கால். டிரைவிங் ஸ்கூலில், கார் ஓட்டத் தெரியாதவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்தே பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். சமையலறைத் தரையில் பிரேக் இல்லை என்பது அவருக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. "மெதுவா, மெதுவா. என்ன அவசரம் உனக்கு, பின்னாடி யாரும் ஹாரன் அடிக்கலையே," என்று சாஸைப் பார்த்துச் சொல்கிறார். சாஸ் அடங்கிவிடுகிறது.

இன்று அவர் மனைவிக்குப் பிறந்தநாள். சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள் வருவார்கள். கேக்கைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம், குளிர்பானத்தை யாராவது கொண்டுவந்துவிடுவார்கள். பல்குச்சி குத்திய இறைச்சிச் சாசேஜ் மட்டும் மாஸ்டர் கையால்தான் ஆக வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு. இனிப்பு என்றால், குட்டிச் சாசேஜ்களை ஜாமும் கடுகு விழுதும் மிளகாய் சாஸும் கலந்த குழம்பில் புரட்டி, ட்ரேயில் பரப்பி, மேலே பளபளவென்று பிடிக்கும்வரை ஓவனில் விடுவது. காரம் என்றால், மிளகும் எள்ளும் தூவிய மாவைப் பட்டையாக வெட்டிச் சாசேஜைச் சுற்றிச் சுட்டெடுப்பது. மாவு சுற்றும்போது அவர் வாயைத் திறப்பதே இல்லை. கேட்டால், "பச்சப்பிள்ளைக்குத் துணி சுத்துற மாதிரி. இறுக்கினா அழும், விட்டா அவுந்துரும்," என்பார்.

உதவிக்கு வருகிறவர்களுக்கு அவர் சமையலறையில் சாலை விதிகள்தான். சூடான ட்ரேயோடு வருகிறவருக்கே முதல் வழி. கத்தியோடு திரும்புகிறவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இஞ்சிக்கும் மிளகுக்கும் நடுவே மனைவி தயங்கி நின்றால், "நடு ரோட்ல நிக்காதம்மா, ஏதாவது ஒரு பக்கம் போ," என்று குரல் வரும். அவள் அதற்கெல்லாம் அசைகிறவள் இல்லை. ரொம்பவும் போனால், "ஏங்க, என் மூக்குக் கண்ணாடியப் பாத்தீங்களா?" என்பாள். அவ்வளவுதான், மாஸ்டர் வாயை மூடிக்கொண்டு சாஸைக் கிண்டுவார். கண்ணாடி என்ற சொல் அந்த வீட்டில் அவருக்கு ஆகாது. அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

கதை தொடங்குவது ஒரு மாடி அறையில். மாஸ்டருக்கு அப்போது தலை நிறைய முடி. அவரும் அவர் நண்பனும் ஒரே டிரைவிங் ஸ்கூலில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அறையில் ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு, ஒரு வாணலி. வேலை கிடைத்ததைக் கொண்டாட நாலு பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள், தட்டு கிடையாது. சாசேஜுக்குப் பல்குச்சி வந்தது அப்படித்தான். சாஸ் போதாது என்று தெரிந்ததும் நண்பன் ஜாம் பாட்டிலில் வெந்நீரை ஊற்றிக் குலுக்கி அப்படியே வாணலியில் கவிழ்த்துவிட்டான்.

"உனக்கு மண்டையில ஏதாவது இருக்காடா?"

"பொறுடா மச்சான், தின்னு பாத்துட்டுத் திட்டு."

வேகட்டும் என்று விட்டுவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். தீப்பெட்டிகளைக் காராக வைத்து, நாற்சந்தியில் யார் முதலில் போக வேண்டும் என்று வாக்குவாதம். இவர் தீப்பெட்டியும் நகரவில்லை, அவன் தீப்பெட்டியும் நகரவில்லை. புகை மூக்கில் ஏறியபோது வாணலியில் ஒரு பக்கம் கருகிப்போயிருந்தது. "என் பக்கம்தானே கருகுச்சு, நானே திங்கறேன்," என்று நண்பன் எடுத்து வாயில் போட்டான். மென்றான். பிறகு அந்தப் பக்கத்தில் வேறு யாரையும் கை வைக்க விடவில்லை. அன்றிலிருந்து எந்த விருந்தானாலும் கருகியது அவனுக்கு. இருந்த ஒரே நல்ல சட்டையை முறை வைத்துப் போட்டுக்கொண்டு அந்த மாடிப்படியில் இறங்கிய நாட்களை நினைத்தால் மாஸ்டருக்கு இன்றைக்கும் நெஞ்சு கனத்துப்போகும். ஜாம் கொதிக்கும் வாசனை எழும்போதெல்லாம் நினைக்காமலும் இருக்க முடியாது.

நண்பன் பிறகு பரீட்சை எழுதி, லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரியாகிவிட்டான். அதிகாரி என்றான பின் நாமும் மரியாதையாகவே சொல்வோம். மாஸ்டரின் மனைவி கார் ஓட்டிக் காட்டப் போன நாளில், பக்கத்து இருக்கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். மேட்டில் நிறுத்தி எடுத்தாள், சந்துக்குள் பின்னோக்கிச் செருகினாள், எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் ஓரத்திலிருந்து வண்டியைக் கிளப்பும்போது சந்தோஷத்தில், பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைப் பார்க்காமல் கிளப்பிவிட்டாள்.

வெளியே மாஸ்டர் பிளாஸ்கில் டீயோடு காத்திருந்தார். அதிகாரி இறங்கி வந்து, "கண்ணாடி பாக்கல மச்சான். அடுத்த தடவை வரட்டும்," என்றார்.

"சரிங்க ஆபீசர்," என்றார் மாஸ்டர். டீயை ஊற்றவில்லை.

அதோடு இருவருக்கும் இடையே போக்குவரத்து நின்றுபோனது. மாஸ்டர் பெண்டாட்டியே ஃபெயில் என்று மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தது ஒரு பக்கம். அந்த இருக்கையில் நாம் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்போம் என்று உள்ளுக்குள் தெரிந்தது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் அதிகமாக உறுத்தியது. மனைவிக்கு ஒரு வருத்தமும் இல்லை, அடுத்த தடவையே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். "நான்தாங்க பாக்கல. அண்ணன் என்ன பண்ணுவாரு?" என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். "நான் ஒண்ணும் சொல்லலையே," என்பதே அவர் பதில். ஒன்றும் சொல்லாமலேயே வருடங்கள் போய்விட்டன.

ஆனால் ட்ரே மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு விருந்திலும் அதன் ஒரு மூலை கருகும். மற்ற இடமெல்லாம் பதமாக வெந்திருக்க, அந்த மூலை மட்டும் கறுத்திருக்கும். "ஓவன் சரியில்ல," என்றார் மாஸ்டர். ஓவனை மாற்றினார்கள், புது ஓவனும் அதே மூலையைக் கருக்கியது. அந்த மூலைக்கு மட்டும் அவர் ஜாமை இன்னொரு கரண்டி கூடுதலாக ஊற்றுவதை மனைவி ஒருநாள் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எல்லோரும் போன பிறகு கருகியதை மாஸ்டர் தனியாக நின்று தின்பார். கசப்பு அவருக்குத் துளியும் ஆகாது. தின்றுவிட்டுச் சொம்புத் தண்ணீரை மடக்கு மடக்கென்று குடிப்பார்.

போன வாரம் ஒரு மாணவன் சொன்னான், அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டாராம், மகளோடு இருக்க வெகுதூரத்து ஊருக்குப் போகிறாராம், இந்த வாரமே வீட்டைக் காலி செய்கிறாராம். "அப்படியா," என்றார் மாஸ்டர். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்த சிக்னலில் வண்டி சடக்கென்று நின்றது.

இன்று மாலை கேக் வாங்கப் போன மனைவி திரும்பி வர நேரமாகிவிட்டது, அதற்குள் கூடத்தில் விருந்தாளிகள் நிறைந்துவிட்டார்கள். கதவு திறந்தபோது அவள் கையில் கேக் இருந்தது, பின்னால் அதிகாரி இருந்தார். முடி வெளுத்து, சட்டை கொஞ்சம் தொளதொளத்திருந்தது.

"வாங்க," என்றார் மாஸ்டர்.

"நல்லா இருக்கீங்களா?" என்றார் அவர்.

ஒரே சட்டையைப் பங்கு போட்டவர்கள் இப்படிப் பேசிக்கொள்வதைக் கேட்டு மனைவி கேக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். அதிகாரிதான் சமாளிக்கப் பார்த்தார். "தங்கச்சிதான் ஓட்டிட்டு வந்தா. வழி பூரா கண்ணாடியப் பாத்துக்கிட்டே வந்தா. ரோட்டப் பாரும்மான்னு நான்தான் சொல்ல வேண்டியதாப் போச்சு."

கதை தெரிந்தவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. வலது கால் தரையை ஒருமுறை அழுத்தியது. திரும்பிச் சமையலறைக்குள் போய்விட்டார். தான் செய்தது தப்போ என்று மனைவி கேக்கைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள். உள்ளே ஓவன் கதவு திறக்கும் சத்தமும் மூடும் சத்தமும் கேட்டன. வெகு நேரம் யாரும் வரவில்லை.

பிறகு வந்தார், ஓவன் சூடு ஆறாத ட்ரேயைத் துணியில் பிடித்துக்கொண்டு. கூடத்தில் இருந்த யாரிடமும் நீட்டாமல் நேராக நண்பர் முன்னால் போய் நின்றார். நண்பரோ விருந்தாளியின் அடக்கத்தோடு ஒரு பல்குச்சியை எடுத்து, தன் பக்கத்தில் பளபளத்த நல்ல சாசேஜ் ஒன்றைக் குத்தப் போனார்.

"இருடா," என்ற மாஸ்டர், ட்ரேயைச் சுற்றித் திருப்பி, கருகிய மூலையை அவன் பக்கம் கொண்டுவந்தார்.