தாழ்வுபாட்டுக்குக் கேட்காத மரணச் செய்தி

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வுகூடத்தில் நான் பிளேன்ரீ ஆற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அழைப்பு வந்தது. எங்கள் தலைமை விஞ்ஞானி கலாநிதி மெற்றில்டா மாரடைப்பால் காலமாகிவிட்டார். பத்துக் கடல்கள் ஒன்றாக வற்றியதுபோல் கட்டடம் அடங்கிப்போனது. இதில் மிகை இல்லை.

நான் சொல்லும் மற்றெல்லாவற்றிலும் மிகை உண்டு. நண்டு ஆய்வுப் பிரிவில் நான் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தன்தான். ஆனால் மன்னார்த் தீவில் பெருநாள், கலியாணம், சாவு எதுவானாலும் ஒலிபெருக்கி என் கையில் இருக்கும். நான் இருமினாலும் இராமேஸ்வரத்தில் கேட்கும்.

மெற்றில்டா மிஸ் தலைவராக வந்த புதிதில் எங்கள் ஆய்வாளர்கள் வாய் திறந்தால் வரைபடம்தான் வரும். மிஸ் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஆய்வை முடித்தவர் தாழ்வுபாடு என்ற மீனவ ஊரின் கரைக்குப் போய், வலையில் நண்டு கழற்றும் பெண்களிடம் அதைச் சொல்ல வேண்டும். பிறகு அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"அவை திருப்பிச் சொன்னாத்தான் நீங்கள் சொன்னது கணக்கு" என்பார்.

என் முறை வந்தது. "சமுத்திரத் தாயின் கருவறைச் செல்வங்களே" என்று தொடங்கி முழங்கினேன். றோசலின் என்பவர் வலையிலிருந்து தலை நிமிர்த்தாமலே கேட்டார்:

"பேச்சு நல்லாயிருக்கு, அண்ணை. கலியாணம் ஆருக்கு?"

கூட வந்திருந்த மிஸ் அவர் பக்கத்தில் மணலில் அமர்ந்தார். "சினையோட நண்டு பட்டாக் கடலிலயே விடுங்கோ, அக்கா. வாற வருசத்து நண்டு அதுக்குள்ளதான்." றோசலின் சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னார். அன்றிலிருந்து அந்தக் கரையில் மெற்றில்டா மிஸ் 'நண்டு மிஸ்'. வேறு பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாது.

கூட்டங்களில் மிஸ் கடைசியாகத்தான் பேசுவார். "நான் முதல்ல வாய் திறந்தா எல்லாரும் ஓம் எண்டுவியள். பிறகு எனக்கு ஆர் பிழை சொல்லுறது?" புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி அவருடைய கணிப்பே பிழை என்றபோது, பலகையில் எழுதியதை அழித்துவிட்டுப் பேனையை அவளிடம் நீட்டினார்.

அவருடைய மரண அறிவித்தல் என் பொறுப்பானது. ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டி, "அகிலம் போற்றும் கடலியற் பேரறிஞர் கலாநிதி மெற்றில்டா அம்மையார் விண்ணகம் ஏகினார்" என்று தீவு முழுவதும் அதிரவைத்தேன். அடக்கத்துக்குக் கொழும்பிலிருந்து கார்கள் வந்தன. தாழ்வுபாட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. நன்றியில்லாத சனம் என்று மனதுக்குள் திட்டினேன்.

மறுநாள் றோசலின் நண்டுப் பையோடு ஆய்வுகூட வாசலில் நின்றார்.

"மிஸ் எங்க, அண்ணை? நண்டு அளக்க வேணும் எண்டவா."

"நேற்று அடக்கம் பண்ணியாச்சு."

அவர் படியில் அமர்ந்துவிட்டார். "எங்களுக்கு ஏன் சொல்லேல்லை?"

"ஆட்டோவில உங்கட ஒழுங்கையாலதானே சொல்லிக்கொண்டு போனனான்."

"அது ஆரோ கொழும்புப் பெரிய ஆள் எண்டெல்லோ நினைச்சம். நண்டு மிஸ் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, ஒரு வள்ளமும் கடலுக்குப் போயிராது."

இத்தனை வருடம் அவரோடு வேலை செய்தவன் நான். என் வெட்கத்துக்கு உவமை தேடவில்லை.

அன்று பின்னேரமே அதே ஆட்டோவில் போனேன். "எங்கட நண்டு மிஸ் மோசம் போயிட்டா. அடக்கம் முடிஞ்சுது. உங்களுக்கு விளங்கச் சொல்லாதது என்ர பிழை. ஞாயிறு பூசை முடியக் கல்லறைக்கு வாங்கோ."

ஊரே வந்தது. பேசச் சொல்லி ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. றோசலின் மெழுகுதிரியை ஊன்றிவிட்டு, ஈர மண்ணில் கை வைத்துச் சொன்னார்:

"எங்களுக்குத் தெரியாமப் போச்சு, மிஸ். கோவிக்காதேங்கோ."

எல்லாருக்கும் பின்னால் நான் நின்றேன். அவர்கள்மேல் கோபிக்க ஒன்றுமில்லை, மிஸ். என்னைக் கோபித்துக்கொண்டே போய்வாருங்கள்.