பீரோ இறங்கிய சனிக்கிழமை

"பீரோவ விட்டுட்டுப் போங்க. அது எங்க ஓடிடப் போவுது?" என்று எங்கள் ஹவுஸ் ஓனர் சிரித்துக்கொண்டே சொன்னார். வருஷங்கள் ஓடிவிட்டன. அவர் செய்த மற்றதையெல்லாம்கூட மறந்துவிடலாம் போலிருக்கிறது. அந்தச் சிரிப்பை மட்டும் மறக்க முடியவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

பெரம்பலூரில் அவருடைய மாடி போர்ஷனில் நாங்கள் குடியிருந்தோம். கீழே அவரும் அவர் மனைவியும். என் கணவருக்கு முதலில் பெரம்பலூரிலேயே ஒரு அரிசி மில்லில் வேலை. பிறகு அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் காண்ட்ராக்டில் சேர்ந்தார். தினமும் பஸ்ஸில் போய் வந்தார். ஷிப்ட் முடிந்து பஸ் கிடைக்காத நாட்களில் அரியலூர் பஸ் ஸ்டாண்டிலேயே பேப்பரை விரித்துப் படுத்துவிட்டு, காலையில் புருவமெல்லாம் சிமெண்ட் தூசியோடு வந்து நிற்பார். அதனால்தான் அரியலூரில் வீடு பார்த்தோம். தரைவீடு. அந்த வீட்டு அம்மா ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள வந்து பால் காய்ச்சிடுங்க. ஆவணி வரைக்கும் வூட்ட பூட்டிப் போட என்னால ஆவாது. வேற ஆளுங்க கேட்டுக்கிட்டிருக்காங்க."

ஆனி மாதக் கடைசி வியாழக்கிழமை கிளம்புவதாக முடிவு செய்தோம்.

இங்கே பீரோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குன்னம் பக்கத்தில் என் அண்ணன்கள் மானாவாரியில் பருத்தி போடுகிறவர்கள். என் கல்யாணத்தின்போது மழை இல்லை. பீரோ பிறகு தருகிறோம் என்றார்கள். அந்தப் ‘பிறகு’ வர எத்தனையோ வருஷம் ஆனது. அதுவரை என் கணவர் வீட்டு விசேஷங்களில் எனக்கு ‘பீரோ இல்லாம வந்தவ’ என்றுதான் பேர். பெண்கள் பந்தியில் உட்கார்ந்து என் காதுபடவே சொல்வார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். ஒரு வருஷம் பருத்திக்கு நல்ல விலை கிடைத்தது. நீலக் கலர் இரும்பு பீரோ, கதவில் ஆள் உயரக் கண்ணாடியோடு வந்து இறங்கியது. அண்ணன்களே மாடிக்குத் தூக்கி ஏற்றினார்கள். படி திரும்புகிற இடத்தில் அப்போது இடுப்பு உயரக் கைப்பிடிச் சுவர் மட்டும்தான். பீரோவை அதற்கு மேலாகத் தூக்கித் திருப்பிவிட்டார்கள்.

பிறகு பக்கத்துத் தெருவில் ஒரு திருட்டு நடந்தது. ஹவுஸ் ஓனர் பயந்துபோய், அந்தத் திருப்பத்தில் கைப்பிடிச் சுவரிலிருந்து மேல்தளம் வரைக்கும் இரும்பு கிரில் அடைத்தார். கிரில் மாட்டிய அன்றே எனக்குத் தோன்றியது, இனி பீரோ எப்படி இறங்கும் என்று. கேட்கவில்லை. நான் அப்படித்தான். பஸ்ஸில் என் நிறுத்தம் தாண்டிவிட்டால்கூட, கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடக்கிறவள்.

நாங்கள் காலி செய்வதாகச் சொன்ன பிறகு ஒரு நாள், ஹவுஸ் ஓனரின் மனைவி ஒரு பெண்ணை வீடு பார்க்கக் கூட்டிவந்தார். புதிதாகக் குடிவரப் போகிறவள். வந்தவள் சமையலறையைப் பார்த்தாள், பாத்ரூமைப் பார்த்தாள். பிறகு என் பீரோவின் முன்னால் நின்று, கண்ணாடியில் தலைப்பூவைச் சரிசெய்துகொண்டாள். கைப்பிடியைத் திருகிக் கதவைத் திறந்து தட்டுகளைப் பார்த்தாள். நான் அடுக்கி வைத்திருந்த சேலைகளுக்கு மேலே அவள் கண் போய் வந்தது.

"நல்லா எடமா இருக்குங்க்கா" என்றாள்.

"எல்லாம் வசதியாத்தான் இருக்கும்" என்றார் ஹவுஸ் ஓனர் மனைவி, பீரோவை ஒரு தட்டுத் தட்டி.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பேசாமல் காபி போட்டுக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை லோடுமேன்கள் வந்தார்கள். கட்டில், கிரைண்டர், அரிசி டிரம் எல்லாம் மளமளவென்று இறங்கின. பீரோ மட்டும் திருப்பத்தில் போய் முட்டியது. சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். லோடுமேன்களில் பெரியவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"ஏம்மா, இது எப்புடி மேல ஏறிச்சி? இங்கயே பொறந்து வளந்ததா?"

"கிரில்லு போடறதுக்கு முன்னாடி ஏத்துனதுண்ணே."

"அப்ப கிரில்ல கழட்டுனாத்தான் எறங்கும். கயிறு கட்டி வாசப்பக்கம் எறக்கலாம்னா கரண்டுக் கம்பி போவுது."

என் கணவர் கீழே போய் ஹவுஸ் ஓனரைக் கூட்டிவந்தார். அவர் திருப்பத்துக்குக் கீழ்ப்படியில் நின்று, கிரில்லைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இத வெல்டர் வந்து அறுத்துத்தான் எடுக்கணும். அவன் ஊருல இல்லியே."

"நாளைக்கு வருவாருங்களா?" என்றார் என் கணவர்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில யாராச்சும் வூட்டுலேருந்து பீரோவ வெளிய அனுப்புவாங்களா? லட்சுமி போயிடும்."

"அப்ப சனிக்கிழமை…"

"சனிக்கிழமை இரும்புல கை வைக்கறதா? நல்லா இருக்கே! அதுவுமில்லாம உங்களுக்கு அன்னைக்குக் கெழக்க சூலம்."

சனிக்கிழமை கிழக்குத் திசையில் பயணம் ஆகாது என்பார்கள். அரியலூர் எங்களுக்குக் கிழக்கு.

"ஞாயித்துக்கிழமைங்க?" என்று என் கணவர் இழுத்தார்.

"ஆடி ஒண்ணு" என்றார் அவர். அப்போதுதான் சிரித்தார். "பீரோவ விட்டுட்டுப் போங்க. அது எங்க ஓடிடப் போவுது? ஆவணியில வந்து சாவகாசமா எடுத்துக்கலாம்."

ஒவ்வொரு கிழமையையும் ஒரு கதவு மாதிரிச் சாத்திக்கொண்டே வந்தார். என் பீரோவில் இருக்கிற லட்சுமி எப்போது அவர் வீட்டு லட்சுமியானாள் என்று கேட்க நாக்கு துடித்தது. அதைவிட ஆத்திரம் என் கணவர்மேல். "அவரு சொல்றதும் சரிதானே" என்று என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார். அட்வான்ஸை முன்கூட்டியே திருப்பிக் கொடுத்துவிட்டாராம், அதனால் நல்ல மனுஷனாம். அந்தப் பெண் கண்ணாடியில் பூவைச் சரிசெய்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆவணியில் நாங்கள் வந்தால் கிரில் அப்படியே இருக்கும். பீரோவுக்குள் அவள் சேலைகள் இருக்கும். அடுத்த வாரம் வாங்க, அடுத்த மாசம் வாங்க என்பார்கள். என் கணவரும் போய்ப்போய்த் திரும்புவார். நான் மறுபடியும் பீரோ இல்லாதவள் ஆவேன்.

"நான் வரல" என்றேன்.

"என்னது?" என்றார் என் கணவர்.

"பீரோ வராம நான் வரல. நீங்க சாமானக் கொண்டுபோயி அந்த வூட்டு வராந்தாவுல எறக்கிட்டு வாங்க."

பெரிய லோடுமேன் சிரித்துவிட்டார். "அண்ணே, அம்மா பீரோவுக்குக் காவலாம். நீங்க வண்டியில ஏறுங்க."

மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு பானை, கொஞ்சம் அரிசி, ஒரு பாய். இவற்றை மட்டும் நிறுத்திக்கொண்டேன். பீரோவை மறுபடியும் மேலே ஏற்றி வைத்துவிட்டு அவர்கள் போனார்கள். காலி வீட்டில், பீரோவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். இரும்பு சில்லென்றிருந்தது. நான் கொதித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஹவுஸ் ஓனர் மனைவி மேலே வந்தார். நான் எழுந்து நின்றேன். பழக்கதோஷம்.

"ஏம்மா, சின்னப் புள்ளயாட்டம் அடம் புடிக்கிற? எங்க மேல நம்பிக்கை இல்லியா?"

"இருக்குங்க்கா" என்றேன். இதுதான் என் வாய். உள்ளே எரிகிறது, வெளியே ‘இருக்குங்க்கா’ என்கிறது.

"நாளைக்குக் காலையில அவங்க பால் காய்ச்ச வராங்க. ஆடிக்கு முன்ன அதான் கடைசி நாளு. அதுக்குள்ள அடுப்ப எடுத்துடு. அடுத்தவங்க அடுப்பு எரியிற வூட்டுல பால் காய்ச்சக் கூடாது, தெரியுமில்ல?"

"தெரியுங்க்கா."

அவர் இறங்கிப் போன பிறகு அந்தப் பேச்சையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அவர் சொல்லும்வரை அது எனக்கு உதவும் என்று தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை குளித்து, ஸ்டவ்வைப் பற்றவைத்து உலை வைத்தேன். முதல் பஸ்ஸில் வந்துவிட்ட என் கணவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "நம்ம பாலும் இன்னைக்கே காயணும்மா. அந்தம்மா நேத்தே ரெண்டு தரம் கேட்டுடுச்சி. சாமான் பூரா வராந்தாவுல கெடக்கு." எனக்கும் தெரியும். அந்த வீடும் போனால் அவர் மறுபடி பேப்பரை விரித்துப் படுக்க வேண்டியதுதான். ஆனாலும் திரியைத் தூக்கிவிட்டேன்.

புதிதாக வருகிறவள் பால் பாத்திரமும் சாமி படமுமாக ஏறி வந்தாள். பின்னாலேயே ஹவுஸ் ஓனரும் மனைவியும். கொதிக்கிற உலையைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னக்கா, நீங்க இன்னும் கெளம்பலியா?"

"பீரோ எறங்கலம்மா. அது எறங்குனாத்தான் நான் அடுப்ப அணைப்பேன்."

"எந்த பீரோ? இதுவா? இது வூட்டோட இருக்கற பீரோன்னுல்ல சொன்னாங்க!" அவள் ஹவுஸ் ஓனர் மனைவியின் பக்கம் திரும்பினாள். "ஏன்க்கா, நீங்கதானே சொன்னீங்க? எங்க பீரோவ நாத்தனாருக்குக் குடுத்துட்டு மூட்டையில துணியக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன்."

அந்த அம்மா மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தார்.

ஹவுஸ் ஓனர் குரலைத் தழைத்துக்கொண்டார். "ஏம்மா, கொஞ்ச நேரம் அடுப்ப நிறுத்து. அவங்க பாலக் காய்ச்சிக்கட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

"உலையில அரிசி போட்டாச்சுங்க ஐயா. பாதியில எறக்கக் கூடாதுல்ல" என்றேன். என் குரல் நடுங்கியது. பயத்தில் நடுங்குவதாக நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

"ஒல கொதிக்கிற வூட்டுல நான் எப்புடிங்க பால் காய்ச்சறது?" என்றாள் வந்தவள். "பொழுது விடிஞ்சா ஆடி. எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடும். மொதல்ல அந்தக்காவ அனுப்பி வைங்க."

"இன்னைக்கு சனிக்கிழமைம்மா, இரும்புல…"

"அப்ப நாங்க திரும்பிப் போறோங்க."

அவள் நிஜமாகவே பால் பாத்திரத்தோடு திரும்பினாள். ஹவுஸ் ஓனர் அவளை மறித்து, "இரும்மா இரும்மா" என்று சொல்லிக்கொண்டே வேகமாகப் படியிறங்கினார். வெல்டரைத் தேடித்தான் ஓடுகிறார் என்று நினைத்தேன். அவர் தன் வீட்டுக்குள் போய், கையில் ஒரு ஸ்பானரோடு திரும்பி வந்தார்.

ஸ்பானர்! கிரில்லைச் சுவரில் போல்ட் போட்டுத்தான் மாட்டியிருந்தார்கள். மேலே பெயிண்ட் பூசியிருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரியும். என் கணவர் லோடுமேன்களைக் கூட்டிவர ஓடினார். அவர்கள் வந்து சேருவதற்குள் கிரில் கழன்று சுவரோரம் சாய்ந்து நின்றது. அறுக்கவில்லை, ஒரு பொறி பறக்கவில்லை. இதற்காகத்தான் என் வீட்டுச் சாமான் ஊரான் வராந்தாவில் கிடந்தது. இதற்காகத்தான் நான் வெறும் வீட்டில் காவல் இருந்தேன்.

பெரிய லோடுமேன் போல்ட்டுகளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏங்க சார், வெல்டரு உங்க வூட்டுக்குள்ளயேதான் இருந்தாரா?"

பீரோ கைப்பிடிச் சுவருக்கு மேலாகத் திரும்பி, ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்கியது. வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் ஸ்டவ்வை அணைத்தேன். சோற்றை வடித்து, சூடான பானையைத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கினேன்.

கடைசிப் படியில் ஹவுஸ் ஓனர் மனைவி இரண்டு டம்ளரில் தயிரோடு நின்றார். சூலம் இருக்கிற திசையில் போயே ஆக வேண்டுமென்றால், சனிக்கிழமைக்குத் தயிர் குடித்துவிட்டுக் கிளம்புவது வழக்கம்.

"குடிச்சிட்டுப் போம்மா. நல்லபடியா போயிச் சேரணும்ல."

என் கணவர் வாங்கி ஒரே மூச்சில் குடித்து, மீசையைத் துடைத்து, "வரோங்க்கா" என்றார். நான் டம்ளரை வாங்கினேன். அதைப் படியில் வைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டேன்.

அரியலூரில் பொழுது சாய்வதற்கு முன்னால் பால் பொங்கியது. பீரோ தரைவீட்டில், தெருக்கதவுக்கு நேராக, வருகிறவர்கள் கண்ணில் படும்படி நின்றது. அங்கேதான் வைக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன்.

அந்த வீட்டில் மோட்டார் எரிந்தபோதும் சரி, என் கணவருக்குக் காலில் அடிபட்டபோதும் சரி, அவர் ஒன்றையே சொன்னார். "அன்னைக்கு நீ அந்தத் தயிரக் குடிச்சிருக்கலாம்."

ஒவ்வொரு தடவையும் நான் அதே பதிலைத்தான் சொல்கிறேன். "ஸ்பானர வூட்டுல வச்சிக்கிட்டு வெல்டர் ஊருல இல்லன்னவங்க வூட்டுத் தயிரு. எனக்குத் தொண்டையில எறங்காது."