பச்சை மூங்கிலும் சாலமோன் வண்டியும்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஆரணியில் இருந்தவர்களிடம் போய் ஸ்ட்ரெச்சர் என்று சொல்லிப் பாருங்கள், "இன்னாது?" என்று ஒருமுறை கேட்பார்கள். சாலமோன் வண்டி என்று சொல்லுங்கள், உடனே சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் கொஞ்சம் சும்மா இருப்பார்கள். இரண்டுக்கும் காரணம் உண்டு.

சாலமோன் வந்தவாசி ரோட்டில், ரைஸ் மில்லுக்கு அடுத்தாற்போல் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். ஜன்னல் கம்பி, இரும்புக் கட்டில், கேட் எல்லாம் செய்வான். கை சுத்தமான கை. ஆனால் பொறுமை என்கிற சாமான் அவனிடம் மருந்துக்கும் கிடையாது. முதல் கவளம் தொண்டையில் இறங்குவதற்குள் ரசம் கேட்பான். ஞாயிற்றுக்கிழமை சாமியார் பூசையை முடிப்பதற்குள் இவன் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பான். "பரலோகத்துக்குப் போறதுக்காச்சும் நிதானமா போ" என்பாள் அவன் மனைவி சகாயமேரி.

அவனுடைய ஒரே சிநேகிதன் ஜெகநாதன், பட்டு நெசவுக்காரன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஜெகநாதன் நேர் எதிர். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்ததற்கு யோசிப்பான். சாயங்காலம் தறியை விட்டு எழுந்ததும் நேரே பட்டறைக்கு வந்து, அறுத்துப் போட்ட பைப்பின் மேல் உட்கார்ந்துகொள்வான். இவன் பேசிக்கொண்டே இருப்பான், அவன் கேட்டுக்கொண்டே இருப்பான். அப்படி ஒரு சிநேகம்.

அதைக் கெடுத்தது இரண்டு மூங்கில்.

எழுபத்து மூன்றாம் வருஷம் என்று ஞாபகம். ஊரில் புதிதாக நர்சிங் ஹோம் திறந்த டாக்டரம்மா, சாலமோனைக் கூப்பிட்டு ஒரு படத்தைக் காட்டினார். இரண்டு கழி, நடுவில் கான்வாஸ் துணி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் பிடித்துத் தூக்க வேண்டியது. "கனம் இருக்கக் கூடாது, சாலமோன்" என்றார். கனம் இல்லாதது எது? மூங்கில். சாலமோன் எல்லப்பனின் மூங்கில் கடைக்குப் பறந்தான்.

"யாருக்குப்பா?" என்று எல்லப்பன் வழக்கம்போல் கேட்டான்.

"டாக்டரம்மாவுக்கு."

எல்லப்பன் கையிலிருந்த அரிவாள் நழுவியது. "ஐயய்யோ! எப்போ?"

"நாளிக்கு காலீல. ஜல்தியா ரெண்டு எட்த்துக் குடு."

எல்லப்பன் துக்கத்தோடு நல்ல பச்சை மூங்கிலாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தான். சாலமோன் வீட்டுப் பக்கம் செத்தவர்களைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிறவர்கள். பச்சை மூங்கில் இரண்டு சேர்ந்து கிடந்தால் ஊரில் மற்றவர்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் அதை நினைத்துப் பார்க்க நேரம் வேண்டுமே. அவனிடம் அதுதான் இல்லையே!

மறுநாள் வெள்ளிக்கிழமை. நல்ல முகூர்த்த மாதம். பட்டறையில் கூட வேலை செய்த வேடியப்பன், வயதில் மூத்தவன், சாமானைப் பார்த்ததுமே முகம் சுளித்தான். "தம்பி, நெசவுக்காரத் தெரு வழியா வேணாம். ஆத்தோரமா சுத்திகினு போயிடலாம்."

"சுத்திகினு போறதுக்கு எவனுக்கு நேரம் கீது? தூக்கு."

முன்னால் சாலமோன், பின்னால் வேடியப்பன், தோளில் பச்சை மூங்கில். தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். "யாருப்பா பூட்டாங்க?" என்று கேட்டார்.

சரியாக அதே நேரத்தில் ஜெகநாதன் வீட்டுக் கூடத்தில் வேலூர்க்காரர்கள் முகூர்த்தப் புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெகநாதன் தன் கையால் நெய்து, தானே பேசி விற்கப் போகிற முதல் கல்யாணப் புடவை. அரக்கு உடல், பச்சைக் கரை. பெண்ணின் அம்மா அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தவள், வாசலைப் பார்த்தாள். புடவையைக் கீழே வைத்தாள். "எழுந்திருங்க, போலாம்" என்றாள். அவ்வளவுதான்.

ஜெகநாதன் தெருவுக்கு வந்தான். அவன் குரல் உயர்ந்து யாரும் அதுவரை கேட்டதில்லை.

"கண்ணு அவிஞ்சி பூட்ச்சாடா உனுக்கு? கல்யாணப் பொடவ பாத்துகினு கீறாங்க, பாடைய தூக்கிகினு வரியே!"

"டேய், இது பாடை இல்லடா, ஸ்ட்ரெச்சரு. ஆஸ்பத்திரிக்கு..."

"எதுவோ ஒண்ணு. நீ செய்யற இந்தச் சாமானு என் வாசப்படி தாண்டக் கூடாது. நான் செத்தாலும் தாண்டக் கூடாது. நீயும்தான்."

அன்று சாயங்காலம் பைப்பின் மேல் யாரும் உட்காரவில்லை. மறுநாளும் இல்லை. சாலமோன் ரோட்டையே பார்த்துப் பார்த்து அலுத்து, மூங்கிலை உருவி அடுப்புக்குப் போட்டுவிட்டு இரும்புப் பைப்பில் புதிதாகச் செய்து கொடுத்தான். மன்னிப்புக் கேட்கப் போயிருக்கலாம். எல்லாவற்றிலும் அவசரப்படுகிறவன் இதில் மட்டும் நாளை நாளை என்று தள்ளினான், பாழாய்ப்போனவன்.

அதற்கப்புறம் அவன் கோபத்தையெல்லாம் ஸ்ட்ரெச்சர் மேல் காட்டினான் என்றுதான் சொல்லவேண்டும். இரும்புப் பைப்பில் செய்தது ஆளைவிடக் கனமாக இருந்தது. உடனே கால் வைத்து, பழைய சைக்கிள் சக்கரம் மாட்டினான். அது போட்ட கிறீச்சில் வார்டில் தூங்கிய பிள்ளைகளெல்லாம் எழுந்து அழுதன. பஸ் ஏறிப் பட்டணம் போய், பாரிமுனையில் அலைந்து ரப்பர் சக்கரம் வாங்கி வந்தான். ரப்பர் சக்கரம் ரொம்ப நன்றாக ஓடியது. ஒருநாள் ஆளில்லாமலே சரிவில் இறங்கி ஓடி, வாசலில் இருந்த இளநீர்க் குவியலில் போய் முட்டியது. பிறகுதான் பிரேக் வைத்தான். கான்வாஸ் போய் ரெக்சின் வந்தது, தேங்காய் நார் போய் ஸ்பாஞ்சு வந்தது. போளூர், செய்யாறு, வந்தவாசி என்று ஆஸ்பத்திரிகள் முளைக்க முளைக்க ஆர்டரும் வந்தது. தேசூரிலிருந்துகூட ஒருவர் வந்து கேட்டார். அந்த நாளில் பஸ் மேற்கூரையில் நாலு சக்கரமும் வானத்தைப் பார்த்தபடி போகிற சாலமோன் வண்டியைப் பார்க்காத ஊர் அந்தப் பக்கத்தில் இல்லை. பின்னால் ரைஸ் மில் சங்கு ஊதும், உமி வாசனை வரும், அவன் ரோட்டில் நின்று பஸ் மறைகிறவரை பார்ப்பான். அதெல்லாம் எப்பேர்ப்பட்ட நாள்!

எண்பதுகளில் பட்டணத்துக் கம்பெனிகள் வழவழவென்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இறக்கின. ஒரு கண்காட்சியில் காலால் மிதித்தால் தானே உயருகிற வெளிநாட்டு வண்டியைப் பார்த்துவிட்டு, சாலமோன் மிதித்தான், இறக்கினான், மறுபடி மிதித்தான். கம்பெனிக்காரர், "சார், போதும் சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து சகாயமேரியிடம் ஒரு வாரம் அதையே பேசினான். பேசி முடித்ததும் அவன் முகம் வாடிப்போகும். இதைக் கேட்க ஜெகநாதன் இல்லையே என்கிற வாட்டம். அவளுக்குத் தெரியும், கேட்கமாட்டாள்.

ஆனால் எத்தனை சக்கரம் வைத்து என்ன? ஆரணி ஜனங்கள் அதில் படுக்கமாட்டேன் என்றார்கள். பச்சை மூங்கில் கதை ஊர் முழுக்கத் தெரியும் அல்லவா?

"உன் வண்டியப் பாத்தாலே எழுந்து நடக்கறாங்க, சாலமோன்" என்றார் டாக்டரம்மா.

"அப்போ நல்ல மருந்துதாங்க மேடம்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அந்த வாரம் நெஞ்சுவலியோடு வந்த ஒருவர், வண்டியில் ஏறாமல் நடந்தே போய் வராந்தாவில் விழுந்திருந்தார். பிழைக்கவில்லை. சாலமோன் அன்று ராத்திரியே பட்டறையைத் திறந்தான். அவன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சாமானை நிதானமாகச் செய்தான். டாக்டரம்மாவிடம் கேட்டுக் கேட்டு, தலைமாட்டை மட்டும் தூக்கி நிறுத்தும்படி, ஈசிச்சேருக்கு வைப்பதுபோல் பல் வைத்துச் செய்தான். மூச்சுத் திணறுகிறவர்கள் சாய்ந்து உட்காரலாம், வீட்டிலிருந்து கிளம்பும்போது உட்கார்ந்துகொண்டே போகலாம்.

அதற்குப் பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்த ஒரு பகலில், ஜெகநாதனின் மனைவி கமலம் தலைமுடி அவிழ ஓடி வந்தாள்.

"அண்ணே, அவுருக்கு மூச்சு முட்டுதுண்ணே. படுத்தா இன்னும் ஜாஸ்தியாவுது. நடந்து வரேன்னு புடிவாதம் புடிக்கறாரு. எழுந்தா விழறாரு."

சாலமோன் கையிலிருந்ததைக் கீழே போட்டான். வண்டியைத் தள்ளிக்கொண்டு அதே தெருவில் ஓடினான், பின்னால் வேடியப்பன். தறிகள் மறுபடி நின்றன. வாசப்படியில் வண்டி முட்டி நின்றது.

ஜெகநாதன் தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் வேர்வை. கண் மட்டும் வாசலைப் பார்த்து முறைத்தது. "அது... உள்ள வரக்... கூடாது."

உறவுக்காரர்கள் தயங்கினார்கள். உயிரோடு இருக்கிற மனுஷனை அதில் வைத்து வெளியே எடுப்பதாவது! சாலமோன் சுற்றிப் பார்த்தான். சட்டென்று அந்த வண்டியில் தானே ஏறி மல்லாந்து படுத்தான்.

"வேடியப்பா, தூக்கி உள்ள தள்ளு."

படியேற்றி உள்ளே தள்ளினார்கள்.

"வெளிய இழு."

இழுத்தார்கள்.

"திரும்ப உள்ள."

கூடத்தில் எழுந்து நின்றான். கண்ணில் தண்ணீர். "பாத்தியாடா? வாசப்படி தாண்டிட்டேன். போய்ட்டு வந்துட்டேன். நின்னுகினு கீறேன். அன்னிக்கு செஞ்சது தப்புதான்டா, புத்தி கெட்டுப்போயி செஞ்சிட்டேன். எட்டி ஒதை, வாங்கிக்கறேன். மொதல்ல ஏறு."

தலைமாட்டைத் தூக்கிப் பல்லில் மாட்டினான். ஜெகநாதன் அதைப் பார்த்தான், இவனைப் பார்த்தான். "எந்தப் பக்கமா... எட்த்துகினு போவ?"

கால் முன்னால் போனால் அது என்ன போக்கு என்பது அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"தல முன்னால. நீ உன் ஊட்டப் பாத்துகினே வரலாம்."

அப்படியே ஏற்றினார்கள். சாய்ந்து உட்கார்ந்தபடி, தறியையும் கூடத்தையும் பின்னால் அழுதுகொண்டே வரும் கமலத்தையும் பார்த்துக்கொண்டே ஜெகநாதன் வாசப்படி தாண்டினான். சாலமோன் முன்னால் இழுத்தான். அவசரம் அவனுக்கு ஒரேயொரு நாள் உதவியது என்றால் அது அன்றுதான்.

ஊசியும் மருந்தும் வேலை செய்து, மூச்சு அடங்கியபின் ஜெகநாதன் பேசிய முதல் பேச்சு இது: "பின்சக்கரம் சத்தம் போடுது. எண்ண வுடு."

மறு மாதத்திலிருந்து பைப்பின் மேல் பழையபடி ஆள் உட்கார்ந்தது. ஊரும் வண்டியில் ஏறியது. ஏறும்போது எல்லாரும் மறக்காமல் சொன்னார்கள், "தல முன்னால." டாக்டரம்மா பட்டணத்திலிருந்து காலால் மிதிக்கிற வண்டி தருவித்தபோது சாலமோன் கோபித்துக்கொள்ளவில்லை. கம்பெனியோடு பேசி அந்தப் பக்கத்துக்கெல்லாம் அவனே விற்றான், அவனே ரிப்பேர் பார்த்தான். முதல் வண்டி வந்த அன்று ஜெகநாதனை உட்காரவைத்து ஏற்றினான், இறக்கினான். "விடுறா, தல சுத்துது" என்று அவன் கத்துகிறவரை விடவில்லை.

ஆறேழு வருஷம் அப்படிப் போனது. ஒரு விடியலில் ஜெகநாதன் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டான்.

கமலம் சாலமோனைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதாள். "சொல்லிகினே இருந்தாருண்ணே. 'நான் பூட்டா சாலமோன் வண்டியிலதான் எட்த்துகினு போவணும்'னு."

சாலமோன் சுவரோரமாக நின்றான். அன்று 'செத்தாலும் தாண்டக் கூடாது' என்றவன், இன்று அதிலேயே போகவேண்டும் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். அதைவிடப் பெரிய பாராட்டை எந்தக் கம்பெனியும் அவனுக்குத் தந்ததில்லை.

"வேணாம்மா. அவன் கேட்டு நான் இல்லன்னு சொல்றது இது ஒண்ணுதான். அது திரும்பி வர்றவங்களுக்குன்னு செஞ்சதும்மா."

துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எல்லப்பன் கடைக்கு நடந்தான்.

"யாருக்குப்பா?" என்றான் எல்லப்பன்.

சாலமோன் சாய்த்துவைத்த மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தைப் பார்த்துவிட்டு எல்லப்பன் எழுந்து உள்ளே போனான். நல்ல பச்சை மூங்கிலாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தான்.

மத்தியானம் எடுத்தார்கள். பாடை, கால் முன்னால், வாசப்படியைத் தாண்டியது. பின்னால், தலைமாட்டுப் பக்கம், மூங்கிலுக்குக் கீழே சாலமோன் தோளைக் கொடுத்திருந்தான். ஜெகநாதனின் தலை அவன் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. தறிகள் நின்றிருந்தன. எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார்கள்.

பக்கத்தில் நடந்த வேடியப்பன், "மெள்ளமா தம்பி" என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லவேண்டியிருக்கவில்லை. ஆறு வரும்வரை சாலமோன் மெதுவாகத்தான் நடந்தான்.