காது வைக்க ஆளில்லாத பாலம்

கவரப்பேட்டைக்கும் பொன்னேரிக்கும் நடுவில் ஆற்றைக் கடக்க எங்களுக்கு ரயில் பாலம்தான் இருந்தது. கைப்பிடி கிடையாது. கட்டைக்குக் கட்டை கால் வைத்துப் போக வேண்டும்; சந்தில் கீழே தண்ணீர் தெரியும். சைக்கிள்காரர்கள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொள்வார்கள். கும்பலில் ஒருவர் மட்டும் கரையிலேயே மண்டியிட்டு, தண்டவாளத்தில் காதை வைத்துக்கொண்டு இருப்பார். உறுமல் கேட்டால் கத்துவார். அடுத்த கும்பல் வந்து, அதில் ஒருவர் காது வைத்த பிறகுதான் அவர் கடப்பார். எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் யாரும் மீறியதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் நான் ஆற்றங்கரையில் இருந்த எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் உறுப்பினர். பெண் ஒருத்தி வேண்டும் என்று சட்டம் வந்ததால் பள்ளிக்கூட டீச்சரான என்னைப் போட்டார்கள். பள்ளிக்கூடம் பஞ்சாயத்துத் தலைவருக்குச் சொந்தம். அவர் கண்ணசைத்தால் எனக்கு வேலை போய்விடும். கணவர் இறந்த பிறகு அந்தச் சம்பளத்தில்தான் நானும் மகளும் சாப்பிட்டோம். அதனால் கூட்டத்தில் என் வேலை, வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவது. அதைச் சுத்தமாகச் செய்துவந்தேன்.

பால் வியாபாரம் செய்த உறுப்பினர் ஒருவர், நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் தனியாக ஒரு சின்னப் பாலம் வேண்டும் என்று கிளப்பினார். பாதிப் பணம் பஞ்சாயத்து போட்டால் மீதியை சர்க்கார் தருமாம். தலைவருக்கோ அந்தப் பணத்தில் ஊரே உட்கார்ந்து கேட்க ரேடியோ ரூம் கட்ட ஆசை. பால்காரர் பக்கம் மூன்று பேர், தலைவரோடு சேர்த்து எதிர்ப்பக்கம் மூன்று பேர். மிச்சம் நான். ஜூன் மாதம் என் மகள் அக்கரை ஹைஸ்கூலில் சேர வேண்டும். அவள் தினமும் அந்தக் கட்டைகள்மேல்தான் நடக்க வேண்டும்.

இத்தனை வருஷமாக யார் செத்தார்கள், நாமே நடந்து பார்த்துவிடலாம் என்றார் தலைவர். ஒருநாள் காலையில் ஏழு பேரும் போனோம்.

கரையில் பால்காரர், யார் காது வைப்பது என்று கேட்டார். வெள்ளை வேட்டியோடு ஜல்லியில் மண்டியிட யாருக்கு மனசு வரும்? பின்னால் நின்றவன் பயந்தவன் என்று ஊர் பேசுமே. நீங்க இருங்க, நீங்க இருங்க என்று மரியாதை நடந்தது. நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவும் பயம். கடைசியில் ஒருவர் குனிந்து ஒரு நொடி காதை வைத்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று நிமிர்ந்தார். ஏழு பேரும் ஒன்றாக ஏறினோம்.

பாதிப் பாலத்தில் காலடிக் கட்டை நடுங்கியது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. பால்காரர் தோளில் தூக்கி வந்த சைக்கிளை ஆற்றில் வீசிவிட்டு ஓடினார்; மற்றவர்களும் ஓடினார்கள். கடைசியில் இருந்த நானும் தலைவரும், வேலையாட்கள் ஒதுங்க நீட்டியிருந்த சின்ன மேடைக்குத் தாவினோம். கூட்ஸ் வண்டி. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. மேடை ஆடியது. கண்ணெல்லாம் கரித்தூள். தலைவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அம்மா அம்மா என்று அழுதார். நானும் தைரியசாலி இல்லை. அந்த மேடையில் என் மகள் தனியாக நிற்பதுதான் எனக்குத் தெரிந்தது.

யாரும் சாகவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தலைவர் கஞ்சி போட்ட சட்டையில் வந்தார்.

"பாத்தீங்க இல்ல, ரயிலே வந்துச்சி. இன்னா ஆச்சி? ஒரு சைக்கிள் போச்சி, அவ்ளோதான்."

பாலம் வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார். மூன்று கைகள் எழுந்தன. அவர் என்னைப் பார்த்தார்.

"டீச்சரம்மா, நீங்களும்தான் கூட இருந்தீங்க. பயந்துகினீங்களா?"

அவர் அழுததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பார்வைக்கு நான் ரயிலைவிட அதிகமாகப் பயந்தேன்.

"இல்லீங்க," என்றேன். அவர் நகம் பதிந்த கை என் மடியிலேயே இருந்தது. ரேடியோ ரூம் நிறைவேறியது.

ஜூனிலிருந்து மகளுக்கு நானே காது வைத்தேன். மார்கழியில் இரும்பு காதைக் கடிக்கும். என் நெஞ்சு அடித்துக்கொள்வதே உறுமலாகக் கேட்டு, எத்தனையோ நாள் அவளைப் பாதியில் கத்தித் திருப்பியிருக்கிறேன். வேறு யார் வந்து காது வைத்தாலும் நம்பி எழுந்திருக்க மாட்டேன். சாயந்திரம் அக்கரையில் யாரோ காது வைத்தார்கள்; அந்த யாரோவை நம்பி, அவள் வீடு வந்து சேரும்வரை அடுப்பில் என்ன வைத்தேன் என்றே எனக்குத் தெரியாது.

அக்கரை சேர்ந்ததும் அவள் திரும்பி நின்று கையைத் தூக்கிக் காட்டுவாள். கூட்டத்தில் நான் தூக்கியிருக்க வேண்டிய கை அது என்று தினமும் தோன்றும். முட்டியில் ஒட்டிய ஜல்லியைத் தட்டிவிட்டு, மணி அடிப்பதற்குள் தலைவருடைய பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன்.