கல்லுக்கும் கணக்குக்கும் என்ன பொருத்தம்

போர்வெல் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் கணக்கம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும்தான் வெளியே வரும். பில் போடுவது, டீசல் கணக்குப் பார்ப்பது, தண்ணீர் வராதவர்கள் போனில் கத்தினால் காது கொடுப்பது எல்லாம் அவள் தலையில். பூமிக்குள் தண்ணீர் இல்லாததற்கும் அவள்தான் பொறுப்பு என்பதுபோல் திட்டுவார்கள்.

எவ்வளவு கெட்டியான பாறையைத் துளைத்தோம் என்று வாடிக்கையாளருக்குக் காட்ட, துளை போடும் ரிக் வண்டி ஆட்கள் கல் தூளைப் பையில் கட்டி அவள் மேஜையருகே போட்டுவிட்டுப் போவார்கள். காட்டியபின் குப்பைக்குப் போகும். அதற்குள் அவள் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துவிடுவாள். ஒன்று சாம்பல், ஒன்று இளஞ்சிவப்பு, இன்னொன்று வெயில் பட்டால் மினுக்கும். இது எப்படி உண்டானது? மேலே மனிதர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடும்போது கீழே அது பாட்டுக்கு என்ன செய்துகொண்டிருந்தது? ரிக் டிரைவரைக் கேட்டால், "கெட்டிக் கல்லும்மா, உயிரை வாங்கிடுச்சு" என்பார். அவருக்கு உலகத்தில் இரண்டே கல்தான்: உயிரை வாங்குவது, வாங்காதது.

நாற்பதைத் தாண்டி மாலைக் கல்லூரியில் சேர்ந்தாள். முதன்மைப் பாடம் வணிகவியல். முதலாளி சொன்னார், வீட்டில் தலையாட்டினார்கள், அவளும் ஆட்டினாள். துணைப்பாடத்தை மட்டும் மாணவரே தேர்ந்தெடுக்கலாம். அறிவிப்புப் பலகையில் 'நிலவியல்' என்று பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு படபடத்தது. கல்யாணத்தன்றுகூட இப்படிப் படபடத்ததில்லை.

ஆனால் அங்கே ஒரு முறை உண்டு. எடுக்கும் துணைப்பாடம் முதன்மைப் பாடத்தோடு எப்படிப் பொருந்துகிறதென்று துறைத் தலைவர் முன்னால் வாயால் சொல்ல வேண்டும்.

'ஆசையாக இருக்கிறது' என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. புதுச் செருப்பு வேண்டுமென்றால் "பழசு வழுக்குது" என்பாள். மின்விசிறி வேண்டுமென்றால் "பிள்ளைக்கு வேர்க்குது" என்பாள். இதற்கும் ஒரு காரணத்தைத் தயார் செய்தாள். ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கும் அவள் கணவர், துறைத் தலைவர் மாதிரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேள்வி கேட்டார்.

"கல்லுக்கும் கணக்குக்கும் என்னம்மா பொருத்தம்?"

"பாறை கெட்டியா இருந்தா செலவு கூடும் சார். முன்னாடியே தெரிஞ்சா கம்பெனி சரியா விலை சொல்லலாம்."

"பிரமாதம்! கண்ணை மூடிட்டுக் கொடுத்துடுவாங்க."

மறுநாள் துறைத் தலைவரிடம் அதை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இவ்வளவு தெளிவா யாருமே சொன்னதில்லம்மா. ஆனா உங்க கம்பெனிக்கு வேண்டியது நிலவியலே இல்ல. பழைய செலவை வெச்சு அடுத்த செலவைக் கணிக்கணும், அவ்வளவுதானே? புள்ளியியல் எடுங்க. நிலவியல்னா ஞாயித்துக்கிழமையெல்லாம் மலை ஏறணும், சுத்தியல் தூக்கணும், கல்லை உடைக்கணும். உங்களுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்?"

அந்தக் கஷ்டத்துக்குத்தான் அவள் ஏங்கிக் கிடந்தாள். சுத்தியல் என்றதுமே கை குறுகுறுத்தது. பாழாய்ப்போன வாய், "சரிங்க சார்" என்றது.

படியிறங்கி வாசல்வரை வந்தவளுக்கு அழுகை முட்டியது. தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. திரும்பி விறுவிறுவென்று மேலே ஏறினாள். உள்ளே ஒரு மாணவி பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் வெளியே வரும்வரை காத்திருந்து, நுழைந்த வேகத்தில் கணக்கம்மா சொன்னாள்.

"சார், நான் சொன்னது சும்மா. கம்பெனிக்காக இல்ல. எனக்குக் கல்லைப் பத்திப் படிக்கணும். ஆசை, வேற ஒண்ணுமில்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அடடா, இதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா? கடைசி இடத்தை இப்பப் போன பொண்ணுக்குக் கொடுத்துட்டேனேம்மா. இனிமே மாத்த முடியாது."

"அந்தப் பொண்ணு என்ன காரணம் சொன்னா சார்?"

"ஆசையா இருக்குன்னு சொன்னா."

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார். "கிடைச்சுதா?"

"இல்ல. புள்ளியியல் கொடுத்துட்டாங்க."

"ஏன், நாம பேசி வெச்சதைச் சொல்லலையா?"

"சொன்னேன். ரொம்ப நல்லாச் சொல்லிட்டேன்."

அவருக்கு விளங்கவில்லை. ஆறுதலாக, "போனாப் போகுது விடு. அதுவும் கம்பெனிக்கு உபயோகம்தானே" என்றார்.

"எனக்கு அது வேண்டாம். எனக்குக் கல்லுதான் வேணும்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் ஒன்றை வேணும் என்று கேட்டு அவர் பார்த்ததில்லை. வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றால் அது கடையில் விற்கிற பொருளும் இல்லை.