அருவிக்கரையில் தண்ணீர் எடுத்த கதை

குற்றாலத்து அருவியில் குடம் கொண்டுபோய்த் தண்ணீர் எடுத்து வந்த பெண் யாரையும் நான் பார்த்ததில்லை. அங்கே குளிக்கத்தான் போவோம். குடிக்கவும் சமைக்கவும் தென்காசியில் தெருக்கிணறு இருந்தது, ஆறு இருந்தது. ஆனால் சினிமாவை நம்பினால், எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பொழுது விடிந்தால் அருவிக்குப் போய், குடத்தை இடுப்பில் வைத்துச் சிரித்துக்கொண்டு வருவதைத் தவிர வேறு ஜோலியே கிடையாது. இதை முதலில் கண்டுபிடித்த புண்ணியவான் யார் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி உண்டு. அப்படி ஒரு படம் எடுத்தபோது பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

அது நல்ல சாரல் காலம். மதினியும் நானும் அக்கம்பக்கத்துப் பெண்களும் வில்வண்டி கட்டிக்கொண்டு குளிக்கப் போயிருந்தோம். மதினி என் அண்ணன் மனைவி. கல்யாணமான சூட்டோடு அண்ணாச்சி கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர், வருஷம் மூன்றாகியும் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கடிதம் அப்பா பேருக்கு வரும். அப்பா சத்தமாக வாசிப்பார். அதில் பசுமாடு கன்று போட்டதா என்றுகூட ஒரு வரி இருக்கும், மதினியைப் பற்றி ஒரு சொல் இருக்காது. பெரியவர்கள் வாசிக்கும் கடிதத்தில் பெண்டாட்டியை விசாரிப்பது மரியாதை இல்லையாம். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குளித்துவிட்டுக் கரையேறினால், அங்கே ஒரு சினிமாக் கம்பெனிக்காரர்கள் கேமராவை நிறுத்திவிட்டு வெயிலுக்குக் காத்திருந்தார்கள். வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகளைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் வானத்தையே பார்த்தபடி நின்றார்கள். டைரக்டர் எங்களைப் பார்த்ததும் வந்து கும்பிட்டார். கிராமத்துப் பெண்கள் தண்ணீர் எடுத்துப் போகும் காட்சி, சும்மா நடந்தால் போதும் என்றார். கூட வந்தவர்களில் பாதிப் பேர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வண்டிக்கு ஓடினார்கள். மதினி ஓடவில்லை.

"இந்தப் படம் கொழும்புல ஓடுமா?" என்று கேட்டாள்.

"கொழும்பு, ரங்கூன், பினாங்கு, எல்லா ஊரிலும் ஓடும் அம்மா."

மதினி அப்போதே ஈரத்தலையை முடிந்துகொண்டாள். எனக்குப் புரிந்தது, பயமாகவும் இருந்தது. வீட்டுக்குத் தெரிந்தால் அம்மா இரண்டு பேரையும் உரித்துவிடுவாள்.

ஒரு பெட்டியைத் திறந்து கட்டம்போட்ட சேலையும் பாசிமணியும் எடுத்துக் கொடுத்தார்கள். அதுதான் கிராமத்து உடையாம். அப்படியென்றால் நாங்கள் உடுத்திக்கொண்டு வந்தது எந்த ஊர் உடை? கேட்டேன். டைரக்டர் வெயில் வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டார். பிறகு ஆளுக்கொரு வெறுங்குடத்தைக் கொடுத்தார்கள். தூக்க லேசாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள், பாவம். மதினி தன் குடத்தை வாங்கிய கையோடு அருவிக்குப் போய் வழிய வழிய நிரப்பிக்கொண்டு வந்தாள்.

"எதுக்கு மதினி, கனக்குமே?" என்றேன்.

"அவுக பாக்கப் போறாகல்லா. எதுக்க வெறுங்குடத்தோடயா போவேன்? நீ ஒரு கூறு கெட்டவட்டி."

எங்கள் ஊரில் வெளியே கிளம்புகிறவர்கள் எதிரே வெறுங்குடம் வந்தால் திரும்பி வீட்டுக்குள் போய்விடுவார்கள். நிறைகுடம் வந்தால் போன காரியம் கைகூடும். கேமராவின் கண்ணாடிக்குப் பின்னால் அண்ணாச்சி நிற்பதாகவே மதினி நினைத்துவிட்டாள்.

வெயில் வந்தது. நான் ஓரமாக நின்றுகொண்டேன், அவர்கள் நடந்தார்கள். டைரக்டர் நிறுத்தினார். எல்லோரும் சிரித்துக்கொண்டே வரவேண்டும் என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "குடம் தூக்கிட்டு எவ சிரிப்பா? இடுப்புல்லா ஒடியும்," என்றேன்.

"காசு கொடுத்து வருகிறவன் உங்கள் இடுப்பு வலியைப் பார்க்கவா வருகிறான்?" என்றார் அவர். கெட்ட மனுஷர் இல்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார்.

மேகம் வரும், நிறுத்துவார்கள். வெயில் வரும், மறுபடி நடை. மற்றவர்கள் வெறுங்குடத்தோடு ஒய்யாரமாக வந்தார்கள். மதினி மட்டும் நிறைகுடத்தோடு, கழுத்து நரம்பு புடைக்க, சிரித்துக்கொண்டு வந்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் பார்த்ததே இல்லை.

வீட்டுக்குத் தெரியாமல் அண்ணாச்சிக்கு ஒரு கார்டு எழுதிப் போடுகிறேன், இந்தப் படத்தில் நீ வருகிறாய் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். மதினி சம்மதிக்கவில்லை. "சொல்லிப் பாத்தா அதுல என்னட்டி இருக்கு? அவுகளே பாக்கட்டும். பாத்தா வருவாக."

படம் தென்காசிக் கொட்டகைக்கு வந்தபோது கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தோம். அருவி தெரிந்தது, பெண்கள் வரிசையாக வந்தார்கள், கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டார்கள். ஆனால் மதினி இருந்தாள், முகம் தெளிவாகத் தெரிந்தது. அன்றிலிருந்து தபால்காரர் வரும் நேரத்துக்கு மதினிக்கு வாசல் பக்கம் ஏதாவது வேலை இருக்கும். கடிதம் வந்தது, மாட்டையும் மழையையும் விசாரித்து.

ஜப்பான்காரன் சண்டை வந்து, கொழும்புக்காரர்கள் கடையை அடைத்துவிட்டுக் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பியபோதுதான் அண்ணாச்சியும் வந்தார். மறுநாள் மத்தியானம் அம்மாவும் அப்பாவும் துஷ்டி கேட்க ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார்கள். அண்ணாச்சி சாப்பிட உட்கார்ந்தார், மதினி பரிமாறினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, குற்றாலம் வருமே ஒரு படம், அங்கன பாத்தியளா?"

"பாத்தேன். ரெண்டு தடவை பாத்தேன். அருவியப் பாக்கதுக்குன்னே மறுபடியும் போனேன்."

"தண்ணி எடுத்துட்டு வார பொம்பளையள?"

"அதையும் பாத்தேன். எல்லாம் மெட்ராஸ்காரியதான். நம்ம ஊர்ல எவட்டி குடத்தத் தூக்கிட்டு இப்படிச் சிரிச்சிட்டு வாரா?"

மதினியின் கையில் குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. மற்றவர்கள் முன்னால் புருஷனிடம் நேராகப் பேசுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"ஏட்டி, உங்க அண்ணாச்சிட்ட சொல்லு. அவுக பாப்பாகன்னு நெனச்சுத்தான் சிரிச்சேன்."

அண்ணாச்சி பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிமிர்ந்து மதினியைப் பார்த்தார். நான் இருக்கிறேன் என்பதைக்கூட மறந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.