விஸ்கி விற்ற யோகா மாமி

மூன்றாம் பாடவேளையில் பள்ளி அலுவலகத்துக்கு என்னை அழைத்தார்கள். போனபோது அங்கே அப்பா நின்றார். கையில் அவருடைய அக்கா யோகா மாமியின் குளிர் ஜாக்கெட். "அக்கா போயிட்டா" என்றார். வேலையில் நின்றபோதே மாமியின் இதயம் நின்றுவிட்டது. ஜாக்கெட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்பா அதை என்னிடம் தந்தார்.

அன்று பின்னேரமே, கனடாவில் அஜின்கோர்ட் என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீடு நிறைந்துவிட்டது. அப்பா மரண அறிவித்தல் எழுத உட்கார்ந்தார். தொழில் என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. அவருடைய நண்பர் குணம் அங்கிள் உதவிக்கு வந்தார்.

"அரச ஊழியர் எண்டு போடு. பொய் இல்லைத்தானே?"

பொய் இல்லைதான். மாகாண அரசின் மதுக்கடை ஒன்றில் மாமி விஸ்கிப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தார். அறிவித்தல் அப்படியே வெளியானது. முப்பத்தோராம் நாளுக்கான இந்த நினைவு மலரிலும் அப்படியே போகட்டும் என்றார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். மாமி மேசையில் இருந்து முத்திரை குத்தவில்லை. விஸ்கி விற்றார். விரும்பி விற்றார்.

போன கோடையில் குணம் அங்கிளின் மகன் பட்டம் பெற்றபோது, "வித்தியாசமான சாமான்" ஒன்று வேண்டுமென்று அவர் மாமியிடம் கேட்டு வாங்கினார். அடுத்த நாள் அந்தப் போத்தலை மரக்கறிப் பையில் சுற்றிக்கொண்டு மாமியைத் தேடி எங்கள் பின்கதவால் வந்தார்.

"யோகா, உது பழுதாப்போச்சு. ஆசுப்பத்திரி மணக்குது."

"பழுதில்லை அண்ணை. அது ஸ்கொட்லாந்தில ஐலா எண்ட தீவுச் சாமான். அங்க சதுப்பு நிலத்தில மண்ணை வெட்டிக் காயவைச்சு, அதை எரிச்ச புகையிலதான் முளைவிட்ட பார்லியைக் காயவிடுவினம்."

"மண் எரிச்ச புகையைத்தான் என்ர தலையில கட்டினனீரோ?"

"புகை வேண்டாமெண்டா ஸ்பேசைட் பக்கத்துச் சாமான் எடுத்திருக்கலாம். அது அப்பிள், தேன் மாதிரி மணக்கும்."

"ரெண்டும் ஸ்கொட்லாந்துதானே?"

"யாழ்ப்பாணத்துக் கறியும் மட்டக்களப்புக் கறியும் இலங்கைதானே. ரெண்டும் ஒண்டோ எண்டு உங்கட மனுசியிட்டக் கேளுங்கோவன்."

அவருடைய மனைவி சாந்தி அன்ரிக்கு ஊர் மட்டக்களப்பு. அங்கிள் போத்தலை மறுபடி சுற்றிக்கொண்டு போனார். பிறகு அந்தப் புகை மணத்தையே தேடித் தேடி வாங்கினார். ஆனால் மாமியின் தொழிலை நாலுபேர் முன்னால் அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

"எல்லாம் ஒரே சாராயம்தானே" என்று இப்போதும் சொல்பவர்களுக்கு என் பதில்: இல்லை. நான் ஒரு சொட்டும் குடித்ததில்லை, அதற்கான வயதும் இல்லை. ஆனால் வாசித்திருக்கிறேன். அயர்லாந்தில் பெரும்பாலும் மூன்று முறை வடிக்கிறார்கள், அதனால் மென்மை. கென்ரக்கியில் பாதிக்கு மேல் சோளம். உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாய்தான் அதற்கு வனிலா மணத்தைக் கொடுக்கிறது. நாங்கள் வாழும் கனடாவில் தானியங்களைத் தனித்தனியே வடித்துப் பிறகு கலப்பது வழக்கம். ரை என்ற தானியம் கொஞ்சமே இருந்தாலும் கனடா விஸ்கியை "ரை" என்றுதான் கேட்டு வாங்குவார்கள்.

இதையெல்லாம் நான் மூச்சுவிடாமல் ஒப்புவித்தபோது மாமி சிரித்தார். "நீ வாசிச்சே வெறிச்சுப்போவாய் போல கிடக்கு." பிறகு சொன்னார்: "எந்த ஊர்ச் சாமான் எண்டு கேக்காமல் குடிக்கிறவன் வெறிக்குத்தான் குடிக்கிறான்."

எங்கள் விருந்துகளில் ஆண்கள் கராஜ் கதவைப் பாதி இறக்கிவிட்டுக் குடிப்பார்கள். மாமி தன் ஒரேயொரு கிளாஸை வரவேற்பறையில், பெண்களுக்கு நடுவில் இருந்து, ஆறுதலாக, அவசரமில்லாமல் குடிப்பார். ஒருமுறை சாந்தி அன்ரி நேரே கேட்டார்.

"குடியால எத்தினை குடும்பம் அழியுது. அதைப்போய் விக்கிறீர். வெக்கமில்லையோ?"

"வெறியில வந்த ஆளுக்கு நான் ஒருநாளும் வித்ததில்லை. போன கிழமையும் எங்கட ஆள் ஒருத்தரைத் திருப்பி அனுப்பினனான். ஆரெண்டு மட்டும் கேக்காதேங்கோ."

கராஜுக்குள் சிரிப்புச் சத்தம் சற்றுக் குறைந்தது. அன்ரி கேட்டதில் நியாயம் இருக்கிறது என்று மாமி பிறகு என்னிடம் சொன்னார். "அதுக்காக நான் வெக்கப்பட மாட்டன்" என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

இதுவரை எழுதியதை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் இரண்டுதரம் வாசித்தார்.

"ஆக்கள் இந்தப் பக்கத்தைக் கிழிச்செறிவினம், பிள்ளை."

"கிழிக்கட்டும்."

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அடுத்த நாள் காலையில் அச்சகத்தோடு போனில் பேசிவிட்டு வந்தார். "மறுபக்கத்தில பக்திப் பாட்டைப் போடச் சொல்லிப்போட்டன். சாமியைக் கிழிக்க ஒருத்தருக்கும் கை வராது." முதற்பக்கத்திலும் தொழிலை அவரே மாற்றிவிட்டார். திருப்பிப் பாருங்கள்.

மாமியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். யாராவது தொழிலைக் கேட்டால், "விஸ்கி விக்கிறன்" என்று சொல்லிவிட்டு, கேட்டவரின் முகத்தைப் பார்த்தபடி அவர் சும்மா நிற்பார். விளக்கம் சொல்ல மாட்டார். சிரித்து மழுப்ப மாட்டார். முதலில் கண்ணை எடுப்பவர் எப்போதும் மற்றவர்தான்.

இறுதிச் சடங்கு அன்றே மண்டபத்தில் முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "பிள்ளை, மாமி என்ன வேலை பாத்தவ?"

"விஸ்கி வித்தவ" என்றேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றேன்.